ஆங்கில இறந்தகால வினையும் அதனைத் தொடரும் எச்சமும்

ஒரு மொழியின் வினையமைப்பை அறிதற்கு அதன் முற்றுகளை வரிசைப்படுத்தி மனங்கொள்ளுதல் மட்டும் போதாது. முற்றோடு பிற வினைவடிவங்கள் எவ்வாறு இயைகின்றன, அவ்வியைபால் பிறக்கும் பொருள் யாது என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஆங்கிலத்தின் அன்றாட வழக்கில் மிகுதியாகப் பயின்றுவரும் இயைபுகளுள் ஒன்று, இறந்தகால வினை முன்னிற்க, 'டு' என்னும் சொல்லை முதலாகக் கொண்ட மற்றொரு வினை அதனைத் தொடர்வதாகும். 'ஹி வாண்டட் டு கோ' என்பது அதற்கோர் எடுத்துக்காட்டு. 'அவன் போக விரும்பினான்' என்பது அதன் பொருள்.

இத்தொடர் தமிழ் மாணவர்க்கு எளிதாகவே தோன்றும். 'போக' என்னும் எச்சம் 'விரும்பினான்' என்னும் முற்றைக் கொண்டு முடிவது போலவே ஆங்கிலத்திலும் அமைந்துளது. முன்பின் முறை மட்டுமே மாறியுளது என அவர் எண்ணுவர். ஆயின், இதே வார்ப்பில் அமைந்த வேறு தொடர்களை நோக்குமிடத்து அவ்வெளிமை மறைகின்றது. 'மேனேஜ்டு டு கோ' என்றால் அவன் போய்விட்டான். 'ஃபர்காட் டு கோ' என்றால் அவன் போகவில்லை. 'வாண்டட் டு கோ' என்றால் போனானா இல்லையா என்பது சொல்லப்படவில்லை. வடிவு ஒன்றாகவும் பொருள் மூன்றாகவும் நிற்கும் இந்நிலையே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு இரண்டு வினாக்கள் வேண்டும். காலம் எச்சொல்லில் நிற்கின்றது என்பது ஒன்று. செயல் நிகழ்ந்ததா என்பதை எச்சொல் உணர்த்துகின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் விடை ஒன்றே என்பது எம் கருத்து. காலத்தைத் தாங்குவதும் முதல் வினை. நிகழ்ந்ததையும் நிகழாததையும் தீர்மானிப்பதும் முதல் வினை. தொடர்ந்து வரும் எச்சம் செயலின் பெயரை மட்டும் கூறி அமைகின்றது. இவ்வுண்மையைத் தெளியாமையால் பேச்சில் நேரும் பிழை சிறிது. மொழிபெயர்ப்பில் நேரும் பிழை பெரிது.

1. பெயரும் வரலாறும்

ஆங்கில இலக்கணத்தார் இவ்வெச்ச வடிவை 'இன்ஃபினிட்டிவ்' என வழங்குவர். இலத்தீன் மொழியினின்று வந்த அப்பெயர்க்கு 'வரம்புபடாதது' என்பது பொருள். இடம், எண், காலம் ஆகியவற்றால் வரையறுக்கப்பட்டது முற்று. அவற்றால் வரையறுக்கப்படாதது இது. ஆதலின் இக்கட்டுரையில் இதனை 'வரம்பிலா வினை' எனக் குறிப்போம்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வடிவிற்கு 'அன்' என்னும் ஈறு இருந்தது. 'டு' என்பது அந்நாளில் 'நோக்கி', 'பொருட்டு' என்னும் பொருள் தரும் முன்னிடைச்சொல்லாகவே நின்றது. அச்சொல்லை ஏற்றபோது வரம்பிலா வினை பெயர்போல வேற்றுமை ஈறும் பெற்றது. எனவே தொடக்கத்தில் 'டு' வந்த இடமெல்லாம் பெரும்பாலும் நோக்கப் பொருள் உணர்த்திய இடமே எனலாம். பின்னர் ஈறுகள் தேய்ந்து மறைந்தன. மறைந்த ஈற்றின் பணியை 'டு' ஏற்றுக்கொண்டு வரம்பிலா வினைக்கு அடையாளமாயிற்று.

அவ்வடையாளத்தை ஏலாது தனித்து நிற்கும் வரம்பிலா வினைகளும் உள. 'கேன்', 'மே', 'ஷேல்' முதலிய துணைவினைகளின் பின் வருவன அத்தகையன. இத்துணைவினைகளின் வரலாறு நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவது. இவை மூன்றும் பண்டொரு காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்து, பின் நிகழ்காலப் பொருளுக்குப் பெயர்ந்தவை. படர்க்கை ஒருமையில் ஏனைய வினைகள் ஏற்கும் 'ஸ்' என்னும் ஈற்றை இவை ஏலாமைக்குக் காரணம் அதுவே. 'மஸ்ட்' என்பதும் ஒரு பழைய இறந்தகால வடிவே. தான் இறந்தகாலமாகப் பிறந்து நிகழ்காலமாக வாழ்வதால் அதற்கெனத் தனி இறந்தகாலம் இன்று இல்லை. அக்குறையை நிறைத்தற்கே 'ஹேட் டு' என்னும் இயைபு வந்து உதவுகின்றது. 'ஐ மஸ்ட் கோ' என்பதன் இறந்தகாலம் யாது என வினவினால், 'ஐ ஹேட் டு கோ' என்றே விடை கூறுவர். 'நான் போக வேண்டியிருந்தது' என்பது அதன் பொருள்.

2. காலம் ஒருமுறையே

ஆங்கில வினைத்தொடரில் காலத்தின் முத்திரை ஒருமுறையே இடப்படும். அதுவும் முதற்கண் நிற்கும் வினையின் மேலேயே இடப்படும். 'வாண்டட் டு கோ' என்பதில் 'வாண்டட்' காலம் காட்டிவிட்டமையால், 'கோ' என்பது 'வெண்ட்' எனத் திரிதற்கு இடமில்லை. எதிர்மறையிலும் வினாவிலும் இவ்விதியே ஆட்சி செய்கின்றது. 'ஹி டிட் நாட் கோ' என்னும் தொடரில் 'டிட்' என்பது காலத்தைத் தாங்குகின்றது. 'கோ' வரம்பிலா வினையாய் நிற்கின்றது. அவன் போகவில்லை என்பது பொருள்.

இத்துணைவினை ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு வந்ததன்று. முன்னாளில் முற்றின் பின் 'நாட்' என்னும் மறைச்சொல்லை நேரே சேர்த்து எதிர்மறை கூறினர். துணைவினையாகிய 'டு', 'டிட்' என்பன இடைக்கால ஆங்கிலத்தில் தோன்றிப் பதினாறாம் நூற்றாண்டில் பெருகிப் பின்னர் நிலைபெற்றன. இவ்வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து ஆல்வர் எல்லகோர்டு என்பார் 1953-ஆம் ஆண்டில் ஒரு தனி நூல் வெளியிட்டுள்ளார்.

நம் மாணவர் பலர் 'டிட் நாட் வெண்ட்' எனவும் 'வாண்டட் டு வெண்ட்' எனவும் எழுதுதல் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. இதனைத் தமிழின் செல்வாக்கால் நேர்ந்த பிழை என்று கூறுவாருளர். அக்கூற்று ஆராய்தற்குரியது. தமிழில் 'போகவில்லை' என்பதில் 'போக' என்னும் செயவென் எச்சமே நிற்கின்றது; அதில் இறந்தகால இடைநிலை எதுவும் இல்லை. 'போனானில்லை' என்பது போன்ற வடிவங்கள் பழைய நடையில் உளவேனும், மாணவர் நாளும் பேசுவது 'போகவில்லை' என்பதே. ஆகவே எதிர்மறையில் வரம்பிலா வினையைப் பயன்படுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் மொழி பயிலும் பருவத்தில் காலத்தை இருமுறை இட்டுப் பேசுதல் உண்டு. எனவே இப்பிழைக்குக் காரணம் தமிழ் அன்று. 'போனான் என்றால் வெண்ட்' எனச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வித்து, தொடரின் ஆட்சியைக் காட்டாது விடும் பயிற்றுமுறையே எனக் கொள்ளுதல் பொருந்தும். 'போகவில்லை' என்பதில் 'போக' நிற்பதைச் சுட்டிக்காட்டி, 'டிட் நாட்' என்பதன் பின் 'கோ' நிற்பதும் அவ்வாறே என விளக்கின், மாணவர் விரைவில் தெளிவர்.

3. செயல் நிகழ்ந்ததா?

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். இறந்தகால முற்றோடு இயைந்த வரம்பிலா வினை குறிக்கும் செயல் நிகழ்ந்ததா என அறிதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. தொடரின் இறுதியில் 'ஆனால் அது செய்யவில்லை' எனச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முரண் தோன்றாதாயின் செயலின் நிகழ்ச்சி தொடரில் அடங்கவில்லை. முரண் தோன்றின் அடங்கியுளது. 'கதவைத் திறக்க விரும்பினான். ஆனால் திறக்கவில்லை' என்பதில் முரண் இல்லை. 'ஹி மேனேஜ்டு டு ஓபன் தி டோர்' என்பதன் பின் 'ஆனால் திறக்கவில்லை' எனச் சேர்த்தால் கேட்போர் நகைப்பர்.

இச்சோதனையால் முதல் வினைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம்.

முதல் வகுப்பு, எண்ணத்தையோ முயற்சியையோ கூறி, முடிவைக் கூறாது விடுவன. 'வாண்டட்', 'ஹோப்டு', 'ட்ரைடு', 'பிராமிஸ்டு', 'அக்ரீடு', 'டிசைடட்' என்பன இதன்பாற்படும். விரும்பினான், நம்பினான், முயன்றான், வாக்களித்தான், இசைந்தான், முடிவு செய்தான் என முறையே பொருள்படும். இவற்றின் பின் வரும் செயல் நிகழ்ந்திருக்கலாம், நிகழாதும் இருக்கலாம்.

இரண்டாம் வகுப்பு, செயல் நிகழ்ந்ததை உள்ளடக்கியவை. 'மேனேஜ்டு', 'ரிமெம்பர்டு', 'ஹேப்பன்டு', 'பாதர்டு' என்பன எடுத்துக்காட்டுகள். 'ரிமெம்பர்டு டு லாக்' என்றால் பூட்ட வேண்டும் என்பது நினைவிற்கு வந்தது என்பது மட்டுமன்று. பூட்டினான் என்பதும் அதில் அடங்கும்.

மூன்றாம் வகுப்பு, செயல் நிகழாமையை உள்ளடக்கியவை. 'ஃபர்காட்', 'ஃபெயில்டு', 'நெக்லெக்டட்' என்பன அவை. 'ஃபர்காட் டு லாக்' என்றால் பூட்டவில்லை என்பதே முடிவு.

எதிர்மறையில் இவ்வகுப்புகளின் இயல்பு மேலும் விளங்கும். முதல் வகுப்பு எதிர்மறை ஏற்றாலும் முடிவு கூறாது; போக விரும்பாதவனும் போயிருத்தல் கூடும். இரண்டாம் வகுப்பு எதிர்மறை ஏற்றால் செயல் நிகழவில்லை எனப் பொருள் மாறும். மூன்றாம் வகுப்பு எதிர்மறை ஏற்றால் செயல் நிகழ்ந்தது எனப் பொருள் மாறும். 'டிட் நாட் ஃபர்கெட் டு லாக்' என்றால் பூட்டினான் என்பது துணிபு. உடன்பாட்டிலும் எதிர்மறையிலும் இவ்வாறு முடிவு கூறும் வினைகளைத் தனியே வகுத்து, பின்லாந்து நாட்டில் பிறந்த மொழியியலார் லௌரி கார்த்துனென் 1971-ஆம் ஆண்டில் 'லாங்குவேஜ்' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வரைந்தார். பின்வந்த பொருளாராய்ச்சிக்கு அக்கட்டுரை அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இவ்வகுப்புகளுக்கு இடையே நிற்பனவும் சில உள. 'ஹேட் டு கோ' என்பதைக் கேட்போர், போனான் என்றே பெரும்பாலும் கொள்வர். ஆயினும் 'ஆனால் உறங்கிவிட்டான்' எனத் தொடர்ந்து மறுத்துரைக்கவும் இடமுண்டு. 'வாஸ் ஏபில் டு' என்பதும் அவ்வாறே. இதனைக் 'குட்' என்பதோடு ஒப்பிடுதல் நன்று. 'பத்து வயதில் அவனுக்கு நீந்தத் தெரியும்' எனப் பொதுவான ஆற்றலைக் கூறுமிடத்துக் 'குட் ஸ்விம்' என்பர். வெள்ளத்தில் ஒருநாள் நீந்திக் கரையேறினான் என ஒரு தனி நிகழ்ச்சியைக் கூறுமிடத்துக் 'குட்' என்பதை விலக்கி, 'வாஸ் ஏபில் டு' அல்லது 'மேனேஜ்டு டு' என்பதையே ஆள்வர். எதிர்மறையில் இவ்வேறுபாடு மறைந்து, இரண்டிடத்தும் 'குட் நாட்' வரும். ஆற்றல் இருந்தும் செயல் நிகழாதிருத்தல் கூடும்; ஆற்றல் இல்லையேல் செயலும் இல்லை. இவ்வேறுபாடு மறைதற்கு அதுவே காரணம் எனலாம்.

'ஃபெயில்டு டு' என்பது குறித்து ஒன்று கூறல் வேண்டும். இது முயன்று தோற்றான் என்பதை எப்பொழுதும் உணர்த்துவதன்று. 'புகைவண்டி வரவில்லை' என்பதையும் ஆங்கிலத்தார் 'ஃபெயில்டு டு அரைவ்' என்பர். இதனை 'வரத் தவறியது' என எழுதினால் குற்றம் சாட்டும் பொருளும், 'வருவதில் தோல்வியுற்றது' என எழுதினால் இல்லாத முயற்சியும் புகுந்துவிடும். எதிர்பார்த்த செயல் நிகழவில்லை என்பதே அதன் அடிப்படைப் பொருள். பலவிடங்களில் 'வரவில்லை' என்னும் ஒரு சொல்லே போதுமானது.

4. தமிழ் எச்சங்களோடு ஒப்பீடு

ஆங்கிலம் ஒரே வரம்பிலா வினையைக் கொண்டு மூன்று வகுப்பினையும் உணர்த்த, தமிழ் என் செய்கின்றது என்பது அடுத்து ஆராய்தற்குரியது. தமிழில் வினையெச்சங்கள் பலவாக அமைந்துள்ளன. நன்னூலார் பன்னிரண்டு வாய்பாடுகளைக் கூறி, அவற்றுள் ஐந்து இறந்தகாலத்திற்கும், 'செய' என்னும் ஒன்று நிகழ்காலத்திற்கும், ஆறு எதிர்காலத்திற்கும் உரியன எனப் பகுத்துள்ளார். இன்றைய வழக்கில் மிகுந்து நிற்பன 'செய்து', 'செய' என்னும் இரண்டுமே. 'செய்து' என்பது முற்றின் செயலுக்கு முன்னர் நிகழ்ந்ததைக் கூறும். 'செய' என்பது நோக்கமாகவோ காரணமாகவோ உடனிகழ்ச்சியாகவோ வரும்.

'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்புழி மழை பெய்தது உண்மை. 'காண வந்தான்' என்புழிக் கண்டானா என்பது உறுதியன்று. ஆதலின் 'செய' என்பதும் தானாக நிகழ்ச்சியை உறுதி செய்வதில்லை. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். 'செய்து' என்பதோ நிகழ்ச்சியைத் தன்னுள்ளேயே கொண்டது. 'போய்ப் பார்த்தான்' என்றால் போனதும் உண்மை, பார்த்ததும் உண்மை. 'பார்க்கப் போனான்' என்றால் போனது மட்டுமே உண்மை.

இவ்வேறுபாட்டால் ஒரு சிறந்த உண்மை புலனாகின்றது. ஆங்கிலத்தின் முதல் வகுப்பு வினைகள் தமிழில் செயவென் எச்சத்தோடு நேரே இயைகின்றன; போக விரும்பினான், போக முயன்றான், போக இசைந்தான் என வரும். இரண்டாம் வகுப்பு வினைகளோ அவ்வாறு இயைவது அரிது. அவற்றைத் தமிழாக்குங்கால் தலைமை இடம் மாறுகின்றது. ஆங்கிலத்தில் எச்சமாய் நின்ற செயல் தமிழில் முற்றாகின்றது. ஆங்கிலத்தில் முற்றாய் நின்ற வினை தமிழில் எச்சமாகவோ வினையடையாகவோ சுருங்குகின்றது. 'மேனேஜ்டு டு ஓபன்' என்பது 'எப்படியோ திறந்துவிட்டான்' என்றாகும். 'ரிமெம்பர்டு டு லாக்' என்பது 'நினைவாகப் பூட்டினான்' என்றாகும். 'ஹேப்பன்டு டு சீ' என்பது 'தற்செயலாகக் கண்டான்' என்றாகும். நிகழ்ந்த செயலை முற்றாலேயே கூற வேண்டும் என்னும் தமிழின் இயல்பு இங்குத் தெளிவாகின்றது. 'பார்க்க நேர்ந்தது' என்பது போலச் செயவென் எச்சம் நின்றே நிகழ்ச்சியை உணர்த்தும் இயைபுகளும் உள. ஆயினும் அவை சிலவே.

'ஹேட் டு' என்பதற்குத் தமிழில் இருவகை உண்டு. 'போக வேண்டியிருந்தது' என்பது கடமையை மட்டும் கூறும். 'போக வேண்டியதாயிற்று' என்பது போனதையும் கூறும். ஆங்கிலம் சூழலுக்கு விட்டதைத் தமிழ் வடிவிலேயே பகுத்துவிட்டது. எனவே மொழிபெயர்ப்போர் மூலத்தின் சூழலை நோக்கி இவ்விரண்டில் ஒன்றைத் தேர்தல் கடமையாகின்றது.

5. பிறரைச் செய்வித்தலும் பிறர் செயலைக் காண்டலும்

இதுகாறும் இரண்டு வினைக்கும் வினைமுதல் ஒருவராகவே இருக்கும் தொடர்களை நோக்கினோம். வேறு வேறாக வரும் தொடர்களும் உள. 'ஆஸ்க்டு ஹிம் டு சைன்', 'டோல்டு ஹிம் டு சைன்' என்பவற்றால் ஒருவன் மற்றொருவனைக் கையெழுத்திடுமாறு வேண்டினான் அல்லது கூறினான் என்பது மட்டும் விளங்கும். அவன் கையெழுத்திட்டானா என்பது விளங்காது. 'ஃபோர்ஸ்டு ஹிம் டு சைன்' என்றால் வற்புறுத்தலின் விளைவாகக் கையெழுத்தும் இடப்பட்டது. 'மேட் ஹிம் சைன்' என்பதும் அவ்வாறே. இங்கு 'டு' வாராமை நோக்கத்தக்கது. தமிழில் 'கையெழுத்திடச் சொன்னான்' என்பதற்கும் 'கையெழுத்திட வைத்தான்' என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

காட்சியைக் கூறும் வினைகளிலும் 'டு' வாராது. 'ஐ சா ஹிம் கிராஸ் தி ரோடு' என்றால், அவன் சாலையைக் கடந்து முடித்ததை முழுதும் கண்டேன் என்பது பொருள். 'கிராஸிங்' என்றால், கடந்துகொண்டிருந்ததைக் கண்டேன் என்பது பொருள். மறுபுறம் சேர்ந்தானா என்பது அதில் இல்லை. விபத்து வழக்கொன்றில் சான்றுரைப்போர் கூற்றை மொழிபெயர்ப்பார்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. 'கடந்ததைப் பார்த்தேன்', 'கடக்கும்போது பார்த்தேன்' என்னும் இரண்டினையும் ஒன்றாக்கிவிடின், அடிபட்டவன் நின்ற இடமே மாறிவிடும்.

6. 'டு' வருதலும் 'இங்' வருதலும்

சில இறந்தகால வினைகள் வரம்பிலா வினையையும் ஏற்கும். 'இங்' என்னும் ஈற்றையுடைய தொழிற்பெயரையும் ஏற்கும். ஆயின் பொருள் வேறாகும். 'ஃபர்காட் டு லாக்' என்பது பூட்ட மறந்தான் என்றும், 'ஃபர்காட் லாக்கிங்' என்பது பூட்டியதை மறந்தான் என்றும் பொருள்படும். முன்னதில் கதவு திறந்து கிடக்கின்றது. பின்னதில் பூட்டிக் கிடக்கின்றது. 'ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால் புகைபிடிப்பதற்காக நின்றான். 'ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகைபிடிப்பதை நிறுத்தினான். 'டு' என்பதற்குப் பண்டிருந்த நோக்கப் பொருள் இவ்விடங்களில் இன்றும் உயிரோடு நிற்கின்றது. முதல் வினை நிகழ்ந்த நேரத்தில் 'டு' ஏற்ற செயல் பெரும்பாலும் எதிர்நோக்கி நிற்கும். 'இங்' ஏற்ற செயல் முன்னரே நிகழ்ந்ததாகவோ நிகழ்ந்துகொண்டிருப்பதாகவோ நிற்கும்.

நோக்கமின்றி விளைவை மட்டும் கூறும் 'டு' என்பதும் உண்டு. 'ஹி லிவ்டு டு பி நைன்ட்டி' என்றால் தொண்ணூறு அகவை எய்தும் நோக்கத்தோடு வாழ்ந்தான் என்பதன்று. தொண்ணூறு வயது வரை வாழ்ந்தான் என்பதே பொருள்.

7. நிறைவேறா எண்ணம்

எண்ணியது ஈடேறவில்லை என்பதைத் தனியே கூறாது வினைவடிவாலேயே உணர்த்தும் முறையும் ஆங்கிலத்தில் உளது. 'வாஸ் டு மீட்' என்றால் சந்திப்பதாக ஏற்பாடு இருந்தது என்பது மட்டுமே பொருள். 'வாஸ் டு ஹேவ் மெட்' என்றால் சந்திப்பதாக இருந்தது, ஆனால் சந்திப்பு நடைபெறவில்லை என்பது வரை பொருள் நீளும். இங்குக் காலம் இரண்டாம் முறையும் இடப்பட்டதோ என ஐயம் எழலாம். அவ்வாறன்று, 'ஹேவ்' என்பது வரம்பிலா வினையாகவே நிற்கின்றது. அதன்பின் வரும் 'மெட்' எச்ச வடிவேயன்றி முற்றன்று. எனவே காலம் ஒருமுறையே என்னும் விதி இங்கும் பிழைபடவில்லை.

'நீட் நாட் ஹேவ் கான்' என்பதும் 'டிட் நாட் நீட் டு கோ' என்பதும் இவ்விடத்து ஒப்பிடற்குரியன. முன்னதில் போனது உறுதி. போயிருக்க வேண்டியதில்லை என்பது கருத்து. பின்னதில் போக வேண்டிய தேவை இருக்கவில்லை என்பது மட்டுமே கூறப்படும்.

8. அன்றாடப் பேச்சு வழக்கு

பேச்சு வழக்கில் இவ்வியைபுகள் ஒலியாலும் பொருளாலும் சில மாற்றங்களை எய்தியுள்ளன. 'யூஸ்டு டு' என்பது பழைய வழக்கத்தைக் கூறும். இதில் முதற்சொல்லின் இறுதி ஒலி அடுத்த ஒலியோடு கலந்துவிட, செவிக்கு 'யூஸ்ட்டு' என்றே கேட்கும். 'பயன்படுத்தினான்' என்னும் பொருளில் வருங்கால் அச்சொல்லின் நடுவொலி அதிர்வுடையதாகவும், வழக்கத்தைக் கூறுங்கால் அதிர்வற்றதாகவும் நிற்கும். எழுத்தில் ஒன்றாக உள்ளவை ஒலியில் இரண்டாகிவிட்டன. 'டிட்' என்பதன் பின் இச்சொல்லை எழுதுவதில் ஆங்கிலத்தாரே தடுமாறுவர். செவிக்கு வேறுபாடு இன்மையே காரணம். காலம் ஒருமுறையே என்னும் விதியைக் கொள்வார், 'டிட்' வந்தபின் 'யூஸ் டு' என்றே எழுதுவர்.

பழைய வழக்கத்தை 'வுட்' என்னும் துணைவினையாலும் கூறுவதுண்டு. அது 'வில்' என்பதன் இறந்தகாலம். தமிழிலும் 'அந்நாளில் அவர் வைகறையில் எழுவார். ஆற்றில் நீராடுவார்' என எதிர்கால வடிவால் இறந்தகால வழக்கத்தைக் கூறுகின்றோம். தொடர்பிலா இரு மொழிகளும் இவ்விடத்து ஒருமித்தல் வியத்தற்குரியது. ஆயின் 'வுட்' என்பது திரும்பத் திரும்ப நிகழும் செயலுக்கே பொருந்தும். 'அங்கொரு மரம் இருந்தது' எனப் பழைய நிலையொன்றைக் கூறுமிடத்து 'யூஸ்டு டு' மட்டுமே வரும்.

'ட்ரை அண்ட் கம்' என, 'டு' வரவேண்டிய இடத்தில் 'அண்ட்' வைத்துப் பேசுதலும் வழக்கில் உண்டு. வர முயற்சி செய் என்பது பொருள். ஆயின் அதனை இறந்தகாலமாக்கி 'ட்ரைடு அண்ட் கேம்' என்றால் அப்பொருள் கிடையாது. 'ட்ரைடு டு கம்' என்றே கூற வேண்டும். முதல் வினை காலமுத்திரை ஏற்றவுடன் இப்பேச்சு வழக்கு இடமிழந்து, 'டு' மீண்டும் வந்து நிற்கின்றது.

மேலும், 'ஐ வாண்டட் டு ஆஸ்க்' எனத் தொடங்கிப் பேசுவோர் முன்னொருநாள் இருந்த விருப்பத்தைக் கூறுவாரல்லர். இப்பொழுது கேட்க விரும்புவதையே பணிவோடு கூறுகின்றனர். இறந்தகாலம் இங்குக் காலத்தை உணர்த்தாது அடக்கத்தை உணர்த்துகின்றது. 'தங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்னும் நம் வழக்கும் இதனோடு ஒருபுடை ஒக்கும்.

9. முடிபு

மேற்கூறியவற்றால், ஆங்கிலத்தில் இறந்தகால வினையைத் தொடரும் வரம்பிலா வினை காலத்தையும் காட்டாது, நிகழ்ச்சியையும் உறுதி செய்யாது என்பதும், அவ்விரண்டு பொறுப்பும் முன்னிற்கும் வினையைச் சார்ந்தன என்பதும் விளங்கும். தமிழோ 'செய்து', 'செய' என எச்சத்தையே பகுத்தும், நிகழ்ந்ததை முற்றாக்கியும் அவ்வேறுபாட்டைப் புலப்படுத்துகின்றது.

இது வெறும் இலக்கண நுட்பம் எனக் கருதி ஒதுக்கத்தக்கதன்று. 'அக்ரீடு டு பே' என ஓர் ஆவணத்தில் இருப்பின், பணம் கொடுக்க இசைந்தான் என்பதே பொருள், கொடுத்தான் என்பதன்று. 'இசைந்து கொடுத்தான்' என மொழிபெயர்க்கப்படின் தீராத கடன் தீர்ந்ததாகிவிடும். 'கையெழுத்திடச் சொன்னார்' என்று ஒருவர் தமிழில் கூறியதை, 'மேட் ஹிம் சைன்' என ஆங்கிலத்தில் எழுதின், நிகழாத கையெழுத்து நிகழ்ந்ததாகிவிடும். எச்சம் ஒன்றை மாற்றுதலால் ஒருவரின் உடைமையும் பெயரும் இடருறுதல் கூடும்.

ஆதலின் ஆங்கிலம் கற்பிப்போர் இவ்வினைகளை அகரவரிசையில் மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, 'ஆனால் செய்யவில்லை' என்னும் சோதனையால் வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் காட்டுதல் நலம். மொழிபெயர்ப்போர் ஒவ்வொரு தொடரிலும் செயல் நிகழ்ந்ததா, நிகழவில்லையா, அன்றிச் சொல்லப்படவில்லையா என வினவித் துணிந்த பின்னரே தமிழ் முற்றைத் தேர்தல் வேண்டும். மூலம் சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பும் சொல்லாது விடுதலே நேர்மையாகும்.